இருண்ட மிகுபுனைவும் மனிதக் கொடுமையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பேய், சாபம், இல்லாத ஊர், நடக்க முடியாத நிகழ்ச்சி ஆகியவற்றை வைத்து மனிதக் கொடுமையைப் பேசும் கதைகளைப் பற்றி வாசகர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். பல கதைகளின் முடிவைச் சொல்லாமல் பேச முடியவில்லை. முடிவு தெரியாமல் படிக்க விரும்புகிறவர்கள் கடைசிக் கேள்விக்குப் போய், அங்கே சொல்லியிருக்கும் கதைகளைப் படித்துவிட்டுத் திரும்பி வரலாம்.

இருண்ட மிகுபுனைவு என்றால் பேய்க்கதைதானே?

பேய்க்கதையும் அதில் சேரும், ஆனால் பேய் கட்டாயமில்லை. நடக்க முடியாத ஒன்றை நடந்ததாக வைத்துக்கொண்டு, மனிதர்கள் ஒருவருக்கொருவர் இழைக்கும் தீங்கை அதன் வழியே பார்க்கும் கதை என்று வைத்துக்கொள்வோம். பயமுறுத்திவிட்டு விலகிக்கொள்ளும் கதைகள் வேறு ரகம். அவற்றின் மீதும் எனக்குப் பிரியம் உண்டு, ஆனால் இங்கே பேச்சு அவற்றைப் பற்றியதில்லை.

கொடுமையைப் பேச யதார்த்தக் கதை போதாதா? மாயமும் மந்திரமும் எதற்கு?

யதார்த்தக் கதையும் பேசும். ஆனால் அதில் வாசகர் நழுவிப்போக ஒரு சந்து இருக்கிறது. நாளிதழில் ஒரு கொடுமையைப் படித்தவுடன் நாம் ஊர்ப் பெயரைத் தேடுகிறோம், பிறகு ஆட்களின் பெயரைத் தேடுகிறோம். இரண்டும் கிடைத்துவிட்டால் யார் பக்கம் நிற்பது என்பது மனத்துக்குள் முடிவாகிவிடுகிறது. இல்லாத ஊரில் நடக்கும் கதையில் அந்த வசதி கிடையாது.

1948 ஜூன் 26 தேதியிட்ட நியூ யார்க்கர் இதழில் அமெரிக்க எழுத்தாளர் ஷெர்லி ஜாக்ஸன் எழுதிய ‘தி லாட்டரி’ வெளிவந்தது. ஒரு சிற்றூர் ஆண்டுதோறும் சீட்டுக் குலுக்கி, சீட்டு விழுந்தவரைக் கல்லால் அடித்துக் கொல்கிறது. எதற்காக இந்த வழக்கம் என்று யாருக்கும் சரியாக நினைவில்லை. ஊருக்குப் பெயரும் இல்லை. அந்தக் கோடையில் தனக்கு 300க்கு மேற்பட்ட கடிதங்கள் வந்ததாக ஜாக்ஸன் பின்னர் ஓர் உரையில் சொன்னார். அவற்றில் அன்பாக எழுதப்பட்டவை 13, அவையும் பெரும்பாலும் நண்பர்கள் எழுதியவை. கதை தனக்கும் அப்பாவுக்கும் பிடிக்கவே இல்லை என்று பெற்ற தாயே எழுதினார். வசைக் கடிதங்களை விட்டுவிடுவோம். இந்தக் குலுக்கல் எந்த ஊரில் நடக்கிறது, நேரில் போய்ப் பார்க்க முடியுமா என்று விசாரித்துச் சிலர் எழுதினார்களே, அவர்களைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. கதை யாரைப் பற்றிப் பேசியதோ, அவர்களே முகவரி கேட்டு எழுதியிருக்கிறார்கள்.

இதற்கு நேர் எதிரான காரணமும் ஒன்று உண்டு. சில கொடுமைகள் நமக்கு அளவுக்கு மீறித் தெரிந்திருக்கின்றன, தெரிந்தே மரத்துப்போயிருக்கின்றன. அமெரிக்க அடிமை முறை அப்படி ஒன்று. ஆக்டேவியா பட்லர் 1979இல் ‘கிண்ட்ரட்’ நாவலில், 1976ஆம் ஆண்டு கலிபோர்னியாவில் வாழும் டேனா என்ற கறுப்பினப் பெண்ணைத் திடீர் திடீரென்று பத்தொன்பதாம் நூற்றாண்டு மேரிலேண்டுக்கு இழுத்துப்போகிறார். கால இயந்திரம் இல்லை, எப்படிப் போகிறாள் என்ற விளக்கமும் இல்லை. பாடப்புத்தகத்தில் படித்த வரலாறு ஒரு பெண்ணின் முதுகுத் தோலில் வந்து இறங்குவதற்கு அந்த ஒரு மாயம் போதுமானதாக இருக்கிறது.

கொடுமை என்று பொதுவாகச் சொல்கிறீர்கள். நமக்குத் தெரிந்த ஒரு கதையை வைத்துக் காட்ட முடியுமா?

பழையனூர் நீலி கதையை எடுத்துக்கொள்ளலாம். திருவள்ளூர் மாவட்டத்துத் திருவாலங்காட்டை ஒட்டிய ஊர் பழையனூர். 7ஆம் நூற்றாண்டுச் சம்பந்தர் திருவாலங்காட்டில் பாடிய பதிகத்தின் முதல் பாட்டிலேயே, ஒருத்தி வஞ்சித்து உயிர் கவர்ந்த செய்தி வருகிறது. அவ்வளவு பழைய கதை.

முற்பிறவியில் கணவன் கையால் கொலையுண்ட ஒரு பெண், பேயாகி, மறுபிறவியில் வணிகனாகப் பிறந்திருக்கும் அவனைத் தேடி வருகிறாள். அவனிடம் ஒரு காப்பு வாள் இருக்கிறது. அது கையில் இருக்கும்வரை நெருங்க முடியாது. ஆகவே அவள் கள்ளிக்கட்டை ஒன்றைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு பழையனூர் வேளாளர் எழுபது பேர் கூடியிருக்கும் அவைக்குப் போய், இவன் என் கணவன், என்னையும் பிள்ளையையும் கைவிடப் பார்க்கிறான் என்று அழுகிறாள். இவள் பெண்ணே இல்லை, பேய் என்கிறான் வணிகன். அவையோர் குழந்தையை இறக்கிவிடச் சொல்கிறார்கள். அது நேராக வணிகனிடம் போய் ஒட்டிக்கொள்கிறது. இதற்கு மேல் சாட்சி வேண்டுமா? அன்றிரவு இருவரும் ஒரே இடத்தில் தங்கட்டும் என்று தீர்ப்பாகிறது. கையில் வாளோடு இருக்கிறானே, என்னைக் கொன்றுவிட்டால் என்ன செய்வேன் என்று அவள் கேட்க, வாளையும் வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். வணிகன் கதறுகிறான். உனக்கு ஏதாவது நேர்ந்தால் நாங்கள் எழுபது பேரும் உயிர் விடுவோம் என்று வாக்குக் கொடுக்கிறார்கள். விடிந்து பார்த்தால் அவன் பிணமாகக் கிடக்கிறான். எழுபது பேரும் தீயில் இறங்குகிறார்கள். ஒரு வடிவத்தில், அன்று வயலில் உழுதுகொண்டிருந்த ஒருவர் செய்தி கேட்டு, ஏரின் கொழுமுனையிலேயே உயிரை விடுகிறார்.

இந்தக் கதையில் கொடியவர் யார்? நீலி என்று சொல்லிவிடலாம். அவள் முதலில் கொல்லப்பட்டவள் என்பதை ‘நீலிக் கண்ணீர்’ என்று பேச்சுவாக்கில் சொல்கிற நாம் மறந்துவிடுகிறோம். எனக்குப் பேயைவிட அவையோர்தான் முக்கியம். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. கைவிடப்பட்ட பெண்ணுக்கு ஆதரவாக நின்றார்கள், கண்ணுக்குத் தெரிந்த சாட்சியத்தை நம்பினார்கள், பலவீனமானவர் என்று பட்டவரின் பாதுகாப்புக்காக ஆயுதத்தைப் பிடுங்கினார்கள். இன்று நம்மை அங்கே உட்கார வைத்தாலும் இதையேதான் செய்வோம். ஆனாலும் அதனால் ஓர் உயிர் போனது. நல்லெண்ணத்தோடு சொன்ன தீர்ப்புக்கும் பொறுப்பு உண்டா என்ற கேள்வியை, மாயக் குழந்தை இல்லாத கதையால் இவ்வளவு கூர்மையாகக் கேட்டிருக்க முடியாது. சாதாரண வழக்கென்றால் இன்னும் விசாரித்திருக்கலாம் என்று நாம் தப்பித்துக்கொள்வோம். இங்கே விசாரிக்க ஒன்றும் மிச்சமில்லை.

பிற்காலத்தில் இந்தக் கதை வேளாளர் பெருமை பேசும் கதையாக, வாக்குத் தவறாமைக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லப்பட்டது. பெருமை இருக்கட்டும். தாங்கள் சொன்ன தீர்ப்புக்குத் தாங்களே விலை கொடுத்தவர்கள் என்பதுதான் என்னைப் பிடித்து நிறுத்துகிறது. அடுத்து வரும் கதைகளில் அப்படி ஒருவரும் இல்லை.

‘தி லாட்டரி’யில் வில்லன் யார்?

குலுக்கலை நடத்தும் சம்மர்ஸைச் சொல்பவர்கள் உண்டு. பக்கத்து ஊர்களில் குலுக்கலை நிறுத்தப் போகிறார்களாம் என்றதும் பொருமும் கிழவர் வார்னரைச் சொல்பவர்கள் உண்டு. தமது 77ஆவது குலுக்கலுக்கு வந்திருக்கும் மனிதர் அவர். எனக்கு இந்தப் பதில்கள் போதவில்லை.

சீட்டு விழும் டெஸ்ஸி ஹட்சின்சனைக் கவனியுங்கள். அன்று குலுக்கல் நாள் என்பதே மறந்துபோய், ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு தாமதமாக ஓடிவருகிறாள். எல்லாரோடும் சேர்ந்து சிரிக்கிறாள். தன் குடும்பத்துக்குச் சீட்டு விழுந்த பிறகுதான் இது நியாயமில்லை என்று கத்துகிறாள். குடும்பத்துக்குள் மறுசுற்றுக் குலுக்கல் நடக்கும்போது அவள் செய்யும் காரியம் ஒன்று உண்டு. மணமாகிப் போன மகளையும் இந்தச் சுற்றில் சேர்க்கச் சொல்கிறாள். தலைகள் கூடினால் தனக்கு ஆபத்து குறையும் என்ற கணக்கு. ஒரே ஒரு வரியில் வந்துவிட்டுப் போகும் இந்த இடத்தைப் பலர் படித்துக்கொண்டே கடந்துவிடுகிறார்கள். பலியாகப் போகிறவளுக்கும் முறையின் மீது எதிர்ப்பு இல்லை, தன் பெயர் வந்ததில்தான் எதிர்ப்பு.

சற்று முன்வரை அவளோடு சிரித்துப் பேசிய திருமதி டெலக்ரோய், இரண்டு கையாலும் தூக்க வேண்டிய கல்லாகப் பார்த்து எடுக்கிறாள். டெஸ்ஸியின் சின்ன மகன் டேவி கையில் யாரோ சில கூழாங்கற்களைக் கொடுக்கிறார்கள். அந்த ‘யாரோ’வுக்கு ஜாக்ஸன் பெயர் வைக்கவில்லை. வில்லன் யார் என்று கேட்டால் நான் அந்த ஆளைத்தான் காட்டுவேன்.

அன்றைய தென்னாப்பிரிக்க அரசு இந்தக் கதையைத் தடை செய்தது. அவர்களுக்காவது கதை புரிந்திருக்கிறது என்று ஜாக்ஸன் அதைப் பெருமையாகவே எடுத்துக்கொண்டதாக அவர் கணவர் எழுதியிருக்கிறார்.

‘ஓமெலாஸ்’ கதையில் நான் இருந்தால் ஊரைவிட்டு வெளியேறிவிடுவேன். அதுதானே சரியான விடை?

கதை தெரியாதவர்களுக்காக: உர்சுலா லெ குவின் 1973இல் எழுதிய, ஓமெலாஸைவிட்டு வெளியேறுபவர்களைப் பற்றிய சிறுகதை இது. ஓமெலாஸ் இன்ப நகரம். ராஜா இல்லை, அடிமை இல்லை, கோடை விழாவும் குதிரைப் பந்தயமும் ஊர்வலமுமாகக் கிடக்கிறது. அந்த இன்பம் முழுவதும் ஒரே ஒரு நிபந்தனையின் மேல் நிற்கிறது. ஒரு கட்டடத்தின் அடியில் பூட்டிய அறையில் ஒரு குழந்தை கிடக்கிறது. பார்த்தால் ஆறு வயது போலிருக்கும், வயதோ பத்தை நெருங்குகிறது. நாளுக்கு அரைக் கிண்ணம் சோளமாவும் கொழுப்பும்தான் ஆகாரம். மூலையில் சாய்த்து வைத்திருக்கும் நாற்றமடிக்கும் தரை துடைப்பான்களைக் கண்டு அது பயப்படுகிறது. நான் சமர்த்தாக இருப்பேன், வெளியே விடுங்கள் என்று ஒரு காலத்தில் கெஞ்சியது, இப்போது பேச்சே குறைந்துவிட்டது. அதனிடம் ஓர் அன்பான சொல்கூடப் பேசக் கூடாது. பேசினால் நகரத்தின் நன்மை அத்தனையும் அந்த நிமிடமே போய்விடும். எட்டிலிருந்து பன்னிரண்டு வயதுக்குள் நகரத்துப் பிள்ளைகள் எல்லாருக்கும் இது சொல்லப்படுகிறது. பெரும்பாலோர் அழுது, கோபப்பட்டு, பிறகு சமாதானமாகி வாழ்கிறார்கள். சிலர் மட்டும் ஒரு வார்த்தையும் பேசாமல் நகரத்தைவிட்டு நடந்து போய்விடுகிறார்கள்.

வெளியேறுபவர்களைப் பாராட்டி வகுப்பறைகளில் எவ்வளவோ பேசுகிறார்கள். அவர்கள் போன பிறகும் அந்த அறை பூட்டியேதான் இருக்கிறது என்பதை யாராவது நினைவூட்ட வேண்டியிருக்கிறது. வெளியேறியவருக்குக் கை சுத்தமாகிறது, குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. லெ குவினும் அவர்களைச் சரியானவர்கள் என்று எங்கும் சொல்லவில்லை. அவர்கள் போகும் இடம் தன்னால் கற்பனை செய்ய முடியாத இடம் என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறார்.

கதையில் என்னை அதிகம் உறுத்துவது வேறோர் இடம். முதல் பாதி முழுக்கக் கதைசொல்லி நம்மிடம் கெஞ்சாத குறையாக, நகரத்தை உங்கள் விருப்பப்படி அலங்கரித்துக்கொள்ளுங்கள், வேண்டியதைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்கிறார். பிறகு, இப்போது நம்புகிறீர்களா என்று கேட்கிறார். நம்பவில்லை என்று நாம் மனத்துக்குள் சொல்லும் அந்த நேரத்தில்தான் குழந்தையைக் கொண்டுவருகிறார். குழந்தை வந்த பிறகு நகரம் நம்பும்படி ஆகிவிடுகிறது. யாரோ ஒருவர் வதைபடாமல் இவ்வளவு சுகம் இருக்க முடியாது என்பது நம் ஊறிப்போன நம்பிக்கை என்று அர்த்தம். அந்தக் குழந்தையை அங்கே பூட்டியதில் வாசகருக்கும் பங்கு இருக்கிறது.

இந்தச் சிக்கல் லெ குவினுக்கு முன்பே பேசப்பட்டதுதான். தத்துவவாதி வில்லியம் ஜேம்ஸ் 1891இல் ஒரு கட்டுரையில் இதை எழுப்பினார், லெ குவின் கதையின் துணைத்தலைப்பிலேயே அவர் பெயரைக் குறிப்பிடுகிறார். தஸ்தயேவ்ஸ்கியின் ‘கரமசோவ் சகோதரர்கள்’ நாவலில் இவான் தன் தம்பியிடம் கேட்பதும் ஏறக்குறைய இதுவே. என்.கே. ஜெமிசின் 2018இல் எதிர்வினையாக ஒரு கதை எழுதினார். அதில் ஆட்கள் வெளியேறுவதில்லை, நகரத்திலேயே இருந்து போராடுகிறார்கள். ஆனால் தங்கள் நல்ல நகரத்தைக் காக்க அவர்களும் கொலை செய்கிறார்கள். அதைப் படித்துவிட்டு நிம்மதி அடைந்தவர் யாரும் இருப்பார்கள் என்று தோன்றவில்லை.

கொடுமை செய்பவரின் மனம் எப்படி இயங்குகிறது என்று காட்டும் கதை உண்டா?

காஃப்காவின் ‘தண்டனைக் குடியிருப்பில்’. 1914இல் எழுதி 1919இல் வெளிவந்தது. குற்றவாளியின் உடம்பில் ஊசிகளால் தீர்ப்பை எழுதி எழுதி, 12 மணி நேரத்தில் கொல்லும் இயந்திரம் ஒன்று. அதை வெளிநாட்டுப் பயணி ஒருவருக்கு ஓர் அதிகாரி இயக்கிக் காட்டுகிறார்.

அந்த அதிகாரிக்குக் கைதி மீது கோபமோ வெறுப்போ துளியும் கிடையாது. அவருடைய மனக்குறையெல்லாம் உதிரிபாகம் பற்றியது. ஒரு தோல்வார் அறுந்தால் புதியது வரப் பத்து நாள் ஆகிறது, பழையதைச் சாட்சியாக அனுப்பச் சொல்கிறார்கள், வந்து சேரும் புதியதும் மட்டமானது என்று அலுத்துக்கொள்கிறார். இந்த அலுப்பை எந்த அலுவலகத்திலும் மதிய உணவு நேரத்தில் கேட்கலாம். கதையில் ரத்தத்தைவிட இந்த அலுப்புதான் எனக்குப் பயங்கரமாக இருக்கிறது. கைதி செய்த குற்றம், கேப்டனின் அறை வாசலில் மணிக்கொரு தடவை எழுந்து சல்யூட் அடிக்க வேண்டியவன் தூங்கிவிட்டான் என்பது. தனக்குத் தீர்ப்பாகிவிட்டது என்றே அவனுக்குத் தெரியாது. எழுதப்படும்போது உடம்பால் படித்துத் தெரிந்துகொள்வான் என்கிறார் அதிகாரி.

காஃப்கா பிராகில் தொழிலாளர் விபத்துக் காப்பீட்டு நிறுவனத்தில் 1908 முதல் 1922 வரை வேலை பார்த்தவர். மரம் இழைக்கும் இயந்திரங்கள் விரல்களைத் துண்டிப்பதைப் பற்றி அலுவலக அறிக்கை எழுதியவர். இயந்திர விவரணையில் உள்ள அந்த நிதானமான துல்லியம் அங்கே பழகியதாக இருக்க வேண்டும்.

சரி, பயணி என்ன செய்கிறார்? நான் அந்நியன், இதில் தலையிட எனக்கு என்ன உரிமை என்று வெகுநேரம் பேசாமல் இருக்கிறார். பிறகு தன் எதிர்ப்பைச் சொல்கிறார், அதுவும் அதிகாரி உதவி கேட்டு வற்புறுத்தியதால். இறுதியில் படகில் ஏறித் தப்புகிறார். அதிகாரி விடுவித்ததால் உயிர் பிழைத்த கைதியும் காவல் சிப்பாயும் அவரோடு வந்துவிட ஓடிவருகிறார்கள். பயணி படகிலிருந்து முடிச்சுப் போட்ட கனத்த கயிறு ஒன்றை எடுத்து ஓங்கி, அவர்கள் தாவி ஏறாதபடி மிரட்டுகிறார். கதை அங்கே முடிகிறது. மனிதாபிமானி என்று நாம் பக்கம் பக்கமாக நம்பி வந்த ஒருவர் செய்யும் கடைசிக் காரியம் அது.

பிறவியிலேயே அரக்கனாக இருக்கும் பாத்திரம் கொடுமை செய்வதில் என்ன அறச்சிக்கல் இருக்கிறது?

ஒன்றும் இல்லை, அதனால்தான் அத்தகைய கதைகள் சலிக்கின்றன. மேரி ஷெல்லி 1818இல் ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ நாவலில் இதைத் தெளிவாகவே முறியடித்துவிட்டார். விக்டர் ஃபிராங்கன்ஸ்டைன் என்பவன் உருவாக்கிய படைப்புயிர், தான் அன்போடுதான் தோன்றியதாகவும் துயரமே தன்னைக் கொடியவனாக்கியதாகவும் சொல்கிறது. அதை முழுக்க நம்ப வேண்டியதில்லை. அந்த நாவலில் நான் அடிக்கடி திரும்பிப் போகும் பாத்திரம் ஜஸ்டின் மோரிட்ஸ். விக்டரின் தம்பியைக் கொன்ற பழி வீட்டுப் பணிப்பெண்ணான அவள் மேல் விழுகிறது. கொன்றது தான் உருவாக்கிய உயிர்தான் என்று விக்டருக்கு உறுதியாகத் தெரியும். சொன்னால் பைத்தியம் என்பார்கள் என்று வாயை மூடிக்கொள்கிறான். அவளைத் தூக்கில் போடுகிறார்கள். பிறகு பல பக்கங்களுக்குத் தன் மனவேதனையை அவன் விவரிப்பதைப் படிக்கும்போது எரிச்சலாக இருக்கும், இருக்கத்தான் வேண்டும்.

நம் பழைய கதைகளில் இப்படி வாசகரைத் தீர்ப்புச் சொல்ல வைக்கும் உத்தி உண்டா?

வேதாளக் கதைகள். 11ஆம் நூற்றாண்டில் காஷ்மீரத்துச் சோமதேவர் தொகுத்த கதாசரித்சாகரத்தில் இருபத்தைந்தும் இருக்கின்றன, தமிழிலும் தலைமுறைகளாகச் சொல்லப்பட்டு வருகின்றன. சுடுகாட்டு மரத்திலிருந்து பிணத்தை இறக்கித் தோளில் போட்டுக்கொண்டு நடக்கும் அரசனிடம், பிணத்துக்குள் இருக்கும் வேதாளம் கதை சொல்லிக் கேள்வி கேட்கிறது. விடை தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை சுக்குநூறாகும், சொன்னாலோ வேதாளம் மறுபடி மரத்துக்குப் போய்விடும். விக்டரைப் போல மௌனமாக இருந்து தப்பிக்கும் வழியை இந்த விதி அடைத்துவிடுகிறது. எனக்குத் தெரிந்து அறக்கதைக்கு இதைவிடக் கச்சிதமான சட்டகம் கிடையாது.

இவற்றில் வீரவரன் கதை கடினமானது. அரசனின் உயிரைக் காக்க, வீரவரன் என்ற காவல்காரன் தன் மகனைத் தேவிக்குப் பலி கொடுக்கிறான். மகள் துயரத்தில் உயிர் விடுகிறாள், மனைவி தீயில் இறங்குகிறாள், அவனும் தலையை அறுத்துக்கொள்கிறான். மறைந்திருந்து பார்த்த அரசன் தானும் சாகத் துணிய, தேவி எல்லாரையும் உயிர்ப்பிக்கிறாள். இவர்களில் உயர்ந்தவர் யார் என்பது வேதாளத்தின் கேள்வி. அரசனே என்கிறான் விக்கிரமன். மற்றவர்கள் தத்தம் கடமையைச் செய்தார்கள், ஊழியருக்காக உயிர் விடத் துணிவது அரசர்கள் செய்யாத காரியம் என்பது அவன் வாதம். தீர்ப்புச் சொல்பவனும் அரசன் என்பதை மறந்துவிடாதீர்கள். பலி கேட்ட தேவியைப் பற்றி யாரும் கேள்வி எழுப்பவில்லை. அந்தச் சிறுவன் மகிழ்ச்சியோடு சம்மதித்தான் என்று கதை சொல்கிறது. சம்மதிக்காதிருந்தால் கதை எப்படிப் போயிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

புதுமைப்பித்தன் இதில் எங்கே வருகிறார்?

1943இல் வந்த ‘சாபவிமோசனம்’ வழியாக. அகலிகை கல்லிலிருந்து மீண்ட பிறகு என்ன நடந்தது என்பதிலிருந்து தொடங்கும் கதை. விமோசனம் கிடைத்துவிட்டது, ஊர்ப் பேச்சு நிற்கவில்லை, கோதமனுக்கும் அவளுக்கும் நடுவே பழைய நிகழ்ச்சி கிடந்து உறுத்துகிறது. தன்னை மீட்ட ராமன் மீது அவள் வைத்திருக்கும் நம்பிக்கைதான் அவளைத் தாங்குகிறது. வனவாசம் முடிந்து வந்த சீதை, தன்னைத் தீயில் இறங்கச் சொன்னதை அவளிடம் சொல்கிறாள். அகலிகை மறுபடி கல்லாகிறாள்.

முதல் தடவை கல்லானது முனிவரின் சாபத்தால். இரண்டாம் தடவை சபித்தவர் யாருமில்லை. தனக்கு ஒரு நீதி, சீதைக்கு ஒரு நீதி என்பது தெரிந்த பிறகு அவள் மனம் எடுத்த முடிவு அது. மாய நிகழ்ச்சி ஒன்றைப் பாத்திரத்தின் சொந்தத் தேர்வாக மாற்றிக் காட்டிய கதைகளில் இதற்கு இணையாகத் தமிழில் எதையும் நான் படித்ததில்லை.

கொடுமையை இவ்வளவு விரிவாக எழுதுவது அதை ரசிப்பது ஆகாதா?

பல கதைகளில் ஆகிறது. வதையை அங்குலம் அங்குலமாக விவரித்துவிட்டு, கடைசிப் பத்தியில் கண்டனம் தெரிவிக்கும் கதைகள் ஏராளம்.

நான் பார்ப்பது, எழுத்தாளரின் கண் எதன் மேல் நிற்கிறது என்பதை. ‘தி லாட்டரி’யில் டெஸ்ஸி சாவது காட்டப்படுவதே இல்லை. முதல் கல் தலையில் படுகிறது, கூட்டம் அவள் மேல் பாய்கிறது, அதோடு கதை நின்றுவிடுகிறது. ‘கிண்ட்ரட்’ நாவலில் சவுக்கடி விரிவாகவே வருகிறது. ஆனால் டேனா புதருக்குள் ஒளிந்தபடி அதைப் பார்க்கிறாள். தொலைக்காட்சியிலும் சினிமாவிலும் அடி வாங்குபவர்களை, அந்த அளவுக்கு மீறிச் சிவந்த போலி ரத்தத்தை அவள் பார்த்திருக்கிறாள். அருகிலிருந்து வரும் வியர்வை நாற்றத்துக்கு அது அவளைத் தயார்படுத்தவில்லை. திரையில் பார்த்துப் பழகிய நம்மையும் சேர்த்துத்தான் பட்லர் பிடிக்கிறார்.

அதே நாவலில் அடியைவிடக் கொடிய இடம் ஒன்று உண்டு. அடிமைகளின் எஜமானன் ரூஃபஸ், ஆலிஸ் என்ற பெண்ணைத் தன்னிடம் வர இசையவைக்கும்படி டேனாவை ஏவுகிறான். வராவிட்டால் அடித்து இழுத்துவரப்படுவாள். ரூஃபஸும் ஆலிஸும் டேனாவின் மூதாதையர். அவர்களுக்குக் குழந்தை பிறக்காவிட்டால் டேனா என்ற ஒருத்தியே இருக்க மாட்டாள். அவள் போய் ஆலிஸிடம் பேசுகிறாள். அந்தக் காட்சியில் ரத்தம் ஒரு சொட்டும் இல்லை.

இப்படி ஒரு கதை எழுத முயல்கிறேன். எதைக் கவனிக்க வேண்டும்?

மாயத்துக்கு ஒரு விதி வையுங்கள், பிறகு அதை உங்கள் வசதிக்காகத் தளர்த்தாதீர்கள். ஓமெலாஸில் அந்த நிபந்தனைக்கு ஒரு விலக்கு இருந்திருந்தால் கதை அங்கேயே செத்திருக்கும். கொடுமைக்காரரைவிட அவருக்கு விளக்குப் பிடிப்பவரை, கணக்கு எழுதுபவரை, கதவைச் சாத்திக்கொண்டு போனவரை நன்றாக எழுதுங்கள். யார் செய்தது சரி என்று நீங்களே சொல்லிவிடாதீர்கள், வேதாளம்கூட அதைச் செய்வதில்லை.

குழந்தைகளுக்கு இவற்றைக் கொடுக்கலாமா?

வேதாளக் கதைகளைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை. ஓமெலாஸைப் பதின்வயதினர் படிக்கலாம், பெரியவர்களைவிட நன்றாகச் சண்டை போடுவார்கள். காஃப்காவும் பட்லரும் பிறகு வரட்டும்.

படித்தால் நாம் நல்லவர்களாகிவிடுவோமா?

அப்படி ஓர் உத்தரவாதம் தர முடியாது. இலக்கியம் கரைத்துக் குடித்த கொடியவர்கள் வரலாற்றில் நிறைய. எந்த இடத்தில் நின்றுகொண்டு இதைப் படிக்கிறோம் என்று சற்று நேரம் தெரியும், அவ்வளவுதான். தெரிந்த பிறகு என்ன செய்வது என்பது வாசிப்புக்கு வெளியே நடப்பது.

எதிலிருந்து தொடங்கலாம்?

‘சாபவிமோசனம்’ முதலில். புதுமைப்பித்தன் எழுத்துகள் நாட்டுடைமையானவை, இணையத்தில் எளிதாகக் கிடைக்கும். ராமாயணம் ஓரளவு தெரிந்திருந்தால் போதும். அடுத்து ‘தி லாட்டரி’யையும் ஓமெலாஸையும் ஒரே நாளில் படியுங்கள். இரண்டுமே சில பக்கங்கள்தான், ஒன்றுக்கொன்று பேசிக்கொள்ளும். நீலி கதைக்குப் புத்தகத்தைவிட, திருவாலங்காட்டுப் பக்கத்து முதியவர் யாராவது சொல்லக் கேட்பது நல்லது, விவரங்கள் ஆளுக்கு ஆள் மாறும். வேதாளக் கதைகளை நாளுக்கு ஒன்றாக, விக்கிரமன் விடை சொல்வதற்கு முன் புத்தகத்தை மூடிவிட்டு நீங்கள் ஒரு விடை சொல்லிப் பாருங்கள். காஃப்காவை வயிறு நிறைந்திருக்கும்போது தொட வேண்டாம். ‘கிண்ட்ரட்’ முழு நாவல், விடுமுறை நாளாகப் பார்த்துக் காலையில் தொடங்குங்கள், பாதியில் வைக்க மனம் வராது.